மோட்டார் சைக்கிள் உயர்த்தி (வீட்டுப் பயன்பாடு)

மோட்டார் சைக்கிள் உயர்த்தி என்பது இருசக்கர வண்டியைத் தரையிலிருந்து தூக்கி, வேலை செய்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில் அசையாமல் நிறுத்தி வைக்கும் கருவியாகும். பட்டறைகளில் இதனை "பைக் லிஃப்ட்" என்றும் "ரேம்ப்" என்றும் சொல்வர். கையளவு கத்தரி ஜாக்கி முதல் இடுப்பளவு உயரும் இரும்பு மேடை வரை இதில் பல வகைகள் உள்ளன. பட்டறைகளில் மட்டுமல்லாமல், தம் வண்டியைத் தாமே பராமரிப்போரின் வீட்டு வண்டிக் கொட்டகைகளிலும் இது பயன்படுகிறது.

வீட்டுக்கு உயர்த்தி வாங்குவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இது எத்தனை கிலோ தூக்கும்?" என்பதைத்தான். சந்தையில் உள்ள பெரும்பாலான உயர்த்திகள் சாதாரண மோட்டார் சைக்கிளை எளிதாகத் தூக்கிவிடும். இறுகிய நட்டை ஸ்பேனர் போட்டு இழுக்கும்போதும், சக்கரத்தைக் கழற்றிய பின்னரும், வேலை முடியாமல் இரவு முழுவதும் விட்டுச் செல்லும்போதும் வண்டியைச் சரியாமல் தாங்குகிறதா என்பதே அதைவிட முக்கியமான கேள்வி. பட்டறையில் நால்வர் உடனிருப்பர். வீட்டில் பெரும்பாலும் ஒருவர் தனியாக வேலை செய்கிறார். 200 கிலோ எடையுள்ள வண்டி அவர்மேல் சாய்ந்தால் தூக்கிவிட அருகில் ஆள் இருக்காது. எனவே உயர்த்தியைத் தெரிவு செய்வதில் தூக்கும் திறனையும் தாங்கும் திறனையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

தேவையை அறிதல்

எல்லா வீட்டுக்கும் உயர்த்தி தேவைப்படாது. செயினைத் துடைத்து எண்ணெய் இடுதல், என்ஜின் ஆயில் மாற்றுதல், பிரேக் கம்பியை இறுக்குதல் போன்ற வேலைகளுக்கு வண்டியுடன் வரும் சென்டர் ஸ்டாண்டே போதும். தொடக்கநிலைப் பயணி வண்டிகளிலும் ஸ்கூட்டர்களிலும் இது பெரும்பாலும் இருக்கும். கே.டி.எம். டியூக், யமஹா ஆர்15 போன்ற வண்டிகளில் சென்டர் ஸ்டாண்டு கிடையாது. அவற்றின் உரிமையாளர்களுக்கு ஏதேனும் ஒரு தாங்கி அடிப்படைத் தேவையாகிவிடுகிறது.

வேலையின் தன்மையை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, ஒரு சக்கரம் மட்டும் தரையை விட்டு எழுந்தால் போதும் என்ற வேலை: செயின், டயர், பிரேக் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது, இரண்டு சக்கரமும் எழ வேண்டிய வேலை: முன் ஃபோர்க்கின் ஆயில் சீல் மாற்றுதல், ஸ்விங் ஆர்ம் கழற்றுதல் போன்றவை. மூன்றாவது, வண்டி பல நாட்கள் நின்றபடியே இருக்கும் வேலை: என்ஜின் இறக்குதல், பழைய வண்டியை முழுமையாகப் புதுப்பித்தல். முதல் வகைக்கு மேடை உயர்த்தி வாங்குவது வீண் செலவு. மூன்றாம் வகையை ஒரு கத்தரி ஜாக்கியை மட்டும் நம்பிச் செய்வது ஆபத்து.

வேலை செய்பவரின் உடலும் கணக்கில் சேரும். குந்தி அமர்ந்தும் குனிந்தும் மணிக்கணக்கில் வேலை செய்வதால் முழங்காலும் இடுப்பும் வலி காணும். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் மேடை உயர்த்தியை நாடுவதற்கு வண்டியின் எடையைக் காட்டிலும் இதுவே காரணமாக இருப்பதுண்டு.

வகைகள்

பேடாக் ஸ்டாண்டு: பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கு அடியில் செருகி, நெம்புகோல் போல அழுத்தினால் பின்சக்கரம் சில அங்குலம் எழும் எளிய இரும்புச் சட்டம். எண்ணெயோ காற்றோ தேவையில்லை. முன்சக்கரத்துக்குத் தனியாக வேறொரு ஸ்டாண்டு உண்டு. ஃபோர்க்கின் அடியில் பொருந்தும் முன் ஸ்டாண்டைக் கொண்டு ஃபோர்க்கைக் கழற்ற முடியாது. அதற்கு ஹேண்டில் தண்டின் அடித்துளையில் பொருந்தும் வகை வேண்டும். முன் ஸ்டாண்டைப் போடுமுன் பின்பக்கம் ஸ்டாண்டில் நிலையாக நிற்க வேண்டும்.

கத்தரி ஜாக்கி: மரையாணியைத் திருகினால் கத்தரிபோல் விரிந்து எழும் சிறு கருவி. என்ஜினுக்கு அடியில் ஓடும் சட்டக் குழாய்களில் பொருத்தித் தூக்குவர். மரையாணி தானாகப் பின்னோக்கிச் சுழலாது என்பதால் உயரம் குறையாது. ஆனால் அடித்தளம் சிறியது. பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்காது.

தரை ஜாக்கி: சக்கரங்கள் பொருத்திய, இரண்டு குறுக்குக் கரங்கள் கொண்ட நீரியல் ஜாக்கி. கால்மிதியை அழுத்தினால் கரங்கள் எழுந்து வண்டியின் சட்டத்தை அடியிலிருந்து தாங்கும். இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும். ஏறத்தாழ 30 முதல் 40 செ.மீ. வரை தூக்கக்கூடியவை கிடைக்கின்றன. வேலை முடிந்ததும் சுவரோரம் தள்ளி வைக்கலாம்.

மேடை உயர்த்தி: ஏறத்தாழ 2 மீட்டருக்கு மேல் நீளமும் 55 முதல் 70 செ.மீ. அகலமும் உள்ள இரும்பு மேடை. சாய்பலகை வழியாக வண்டியை மேலே தள்ளி, முன்சக்கரத்தைப் பிடிப்பானில் இறுக்கிய பின் மேடையே 75 செ.மீ. அளவுக்கு எழும். வண்டியின் எடை அதன் சக்கரங்கள் வழியாகவே மேடையில் இறங்குவதால், ஸ்கூட்டர் உட்பட எந்த அமைப்புள்ள வண்டிக்கும் இது பொருந்தும். சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் மேடையின்மேல் தனியாக ஒரு ஜாக்கி வைக்க வேண்டும். பின்சக்கரத்தைக் கீழ்வழியாக இறக்குவதற்குக் கழற்றக்கூடிய பலகை சில மேடைகளில் உண்டு.

மேலிருந்து தூக்கும் கப்பி: உத்தரத்தில் தொங்கும் செயின் பிளாக்கைக் கொண்டு தூக்குதல். என்ஜினை மட்டும் தூக்கி இறக்க இது உதவும். வீட்டுக் கூரையின் கொக்கிகள் மின்விசிறிக்காகப் போடப்பட்டவை. கட்டுமானப் பொறியாளர் ஒப்புதல் இல்லாமல் அவற்றில் வண்டியைத் தொங்கவிடக் கூடாது.

செயல்படும் முறை

பெரும்பாலான உயர்த்திகள் பாஸ்கல் விதியின்படி இயங்குகின்றன. மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மேல் கொடுக்கப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பதே அவ்விதி. பிரெஞ்சு அறிஞர் பிளேசு பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் இதனை வகுத்தார். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் பிராமா இதனைப் பயன்படுத்தி நீரியல் அழுத்தப் பொறிக்கு 1795இல் காப்புரிமை பெற்றார்.

ஓர் எளிய கணக்கு: மிதிக்கும் பக்கத்திலுள்ள பிஸ்டனின் பரப்பு 1 சதுர செ.மீ., தூக்கும் பிஸ்டனின் பரப்பு 20 சதுர செ.மீ. என்று கொள்வோம். கால்மிதி நெம்புகோல் விசையை 10 மடங்காக்கும் எனில், 15 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் மிதித்தால் சிறிய பிஸ்டனில் 150 கிலோவும், பெரிய பிஸ்டனில் 150 × 20 = 3,000 கிலோவும் விசையாகக் கிடைக்கும். இதற்கு ஈடாக, சிறிய பிஸ்டன் 20 மி.மீ. இறங்கினால் பெரிய பிஸ்டன் 1 மி.மீ. மட்டுமே நகரும். பல முறை மிதிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

200 கிலோ வண்டிக்கு 3,000 கிலோ விசை ஏன் வேண்டும் என்ற ஐயம் எழலாம். கத்தரி அமைப்பின் கோணமே இதற்குக் காரணம். கத்தரிக் கரங்களின் அடிமுனையைக் கிடைமட்டமாகத் தள்ளி மேடையை உயர்த்தும் அமைப்பில், தேவைப்படும் விசை = எடை ÷ டேன் θ. இங்கே θ என்பது கரம் தரையுடன் அமைக்கும் கோணம். வண்டியும் மேடையும் சேர்ந்து 300 கிலோ என்றால், கரம் 10 பாகையில் படுத்திருக்கும்போது ஏறத்தாழ 1,700 கிலோ விசை தேவை. 45 பாகையில் 300 கிலோ போதும். மேடை எழத் தொடங்கும்போது மிதி கனமாகவும், பாதி உயரத்துக்குப் பின் இலகுவாகவும் இருப்பது இதனால்தான். நீரியல் உருளையும் இணைப்பு ஊசிகளும் மிகுந்த விசையைத் தாங்குவது மேடை தாழ்ந்திருக்கும்போது என்பதால், தரம் குறைந்த உயர்த்திகளின் குறை அந்த முதல் சில அங்குலங்களிலேயே தெரியும்.

தூக்குதலும் தாங்குதலும்

நீரியல் உருளை வண்டியைத் தூக்குவதற்கு உரியது. நெடுநேரம் தாங்கி நிற்பதற்கு உரியதன்று. உருளைக்குள் எண்ணெயை அடைத்து வைத்திருப்பது ரப்பர் சீல்களும் ஒரு சிறு வால்வும் மட்டுமே. வால்வில் ஒரு தூசி சிக்கினாலும், சீலில் நூலளவு கீறல் விழுந்தாலும் எண்ணெய் கசியும். அப்போது மேடை மெல்ல இறங்கும். சீல் முழுதாகப் பிய்ந்தால் ஒரே நொடியில் விழும். சிறுபிள்ளையோ வளர்ப்பு நாயோ இறக்கும் மிதியை மிதித்தாலும் இதே நிலைதான்.

இதனைத் தடுப்பது இயந்திரப் பூட்டு. கத்தரிக் கரத்துக்குக் குறுக்கே இரும்புத் தண்டு ஒன்றைச் செருகும் அமைப்பும், பல்வரிசையில் தானாக விழுந்து பிடிக்கும் நாக்கு அமைப்பும் உண்டு. பூட்டு விழுந்தபின் மேடையைச் சிறிது இறக்கி, எடை முழுவதும் பூட்டின்மேல் அமரச் செய்ய வேண்டும். அதன்பின் எண்ணெய் முழுவதும் கசிந்து போனாலும் மேடை விழாது.

பூட்டைப் பொறுத்தவரை மூன்று கேள்விகள் உள்ளன. எத்தனை உயரங்களில் பூட்ட முடியும்? ஓரிரு நிலைகளில் மட்டும் பூட்டும் உயர்த்தியில், வேலைக்கு வசதியான உயரத்தில் பூட்டில்லாமல் நிறுத்தும் ஆசை எழும். பூட்டு தானாக விழுமா, கையால் செருக வேண்டுமா? கையால் செருகுவது மறந்துபோகக்கூடியது. பூட்டை விடுவிக்கும் நெம்பி எங்கே உள்ளது? மேடைக்கு அடியில் கை நீட்டி விடுவிக்கும் அமைப்பை ஏற்கக் கூடாது.

தரை ஜாக்கிக்கும் இதே விதி பொருந்தும். பூட்டும் தண்டு இல்லாத ஜாக்கியை, வண்டியைத் தூக்கி வேறு உறுதியான தாங்கிகளின்மேல் அமர்த்துவதற்கு மட்டுமே பயன்படுத்தலாம்.

வண்டியின் அடிப்பகுதி

தரை ஜாக்கியும் கத்தரி ஜாக்கியும் வண்டியின் அடியிலுள்ள சட்டத்தைப் பிடித்தே தூக்குகின்றன. எனவே வாங்குமுன் வண்டிக்கு அடியில் தலை சாய்த்துப் பார்ப்பது அவசியம். ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ், ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 ஆகியவற்றில் இரண்டு குழாய்கள் என்ஜினுக்கு அடியில் தொட்டில்போல் வளைந்து செல்கின்றன. இத்தகைய தொட்டில் சட்டம் ஜாக்கிக்கு ஏற்றது. ஆனாலும் சைலன்சர் குழாயோ சென்டர் ஸ்டாண்டின் கரமோ குறுக்கே வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கே.டி.எம். 390 டியூக்கின் வலைப்பின்னல் சட்டம் என்ஜினுக்கு மேலே நிற்கிறது. என்ஜின் அதில் தொங்குகிறது. ஆர்15 வண்டியிலும் என்ஜினுக்கு அடியில் தொட்டில் இல்லை. ராயல் என்ஃபீல்டின் பழைய புல்லட், கிளாசிக் வண்டிகளில் முன்குழாய் என்ஜினோடு முடிந்து, என்ஜினே சட்டத்தின் ஒரு பகுதியாக எடையைத் தாங்குகிறது. இத்தகைய வண்டிகளை அடியிலிருந்து தூக்கினால் ஜாக்கி நேராக என்ஜின் உறையில் அமரும். அவ்வுறை பெரும்பாலும் வார்ப்பு அலுமினியம். ஓரிடத்தில் விசை குவிந்தால் விரிசல் விடும். ஆயில் வடிக்கும் போல்ட்டின்மேல் ஜாக்கி அமர்ந்தால் மரை பழுதாகும். இவ்வண்டிகளுக்குப் பேடாக் ஸ்டாண்டு அல்லது மேடை உயர்த்தியே ஏற்றது. ஸ்விங் ஆர்ம் சுழலும் அச்சின் இருபுறமும் பிடித்துத் தூக்கும் ஸ்டாண்டுகளும் உள்ளன. அவை ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி இணைப்புத் துண்டுகளைக் கோரும்.

ஸ்கூட்டரின் அடிப்பகுதியில் பிளாஸ்டிக் தட்டும் கம்பிகளும் இருப்பதால் ஜாக்கிக்கு இடம் அரிது. தூக்கும் புள்ளி எது என்று வண்டியின் கையேடு சொன்னால் அதனையே பின்பற்ற வேண்டும்.

ஈர்ப்பு மையம் இடம் மாறுதல்

ஜாக்கியில் நின்றிருந்த வண்டி ஏதேனும் ஒரு பாகத்தைக் கழற்றியவுடன் சாய்வது பலரும் எதிர்பாராத விபத்தாகும். இதனை முன்கூட்டியே கணக்கிடலாம். 200 கிலோ வண்டி ஒன்று ஈர்ப்பு மையத்தின் நேர்கீழே ஜாக்கியில் நிற்கிறது. மையத்திலிருந்து 70 செ.மீ. பின்னால் உள்ள பின்சக்கரமும் அதைச் சார்ந்த பாகங்களும் 15 கிலோ என்று கொள்வோம். அவற்றைக் கழற்றினால் எஞ்சிய 185 கிலோவின் ஈர்ப்பு மையம் முன்னோக்கி நகரும் தொலைவு: (15 × 70) ÷ 185 = ஏறத்தாழ 5.7 செ.மீ.

ஜாக்கியின் இரு கரங்களுக்கு இடையே 30 செ.மீ. இருந்தால், மையத்திலிருந்து முன்கரம் வரை 15 செ.மீ. மட்டுமே பாதுகாப்பு எல்லை. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே சக்கரத்தைக் கழற்றியதிலேயே தீர்ந்துவிட்டது. அடுத்து ஸ்விங் ஆர்ம், சைலன்சர் என்று கழற்றிக்கொண்டே போனால் வண்டி முன்பக்கமாகக் குப்புற விழும். முன்சக்கரத்தையும் ஃபோர்க்கையும் கழற்றினால் பின்பக்கமாகச் சாயும். பின்பக்கத்தைக் கழற்றுமுன் முன்சக்கரத்துக்கு அடியிலும், முன்பக்கத்தைக் கழற்றுமுன் பின்சக்கரத்துக்கு அடியிலும் மரக்கட்டை வைத்துத் தாங்கல் கொடுப்பதும், வண்டியை நாடாவால் கட்டி வைப்பதும் இதற்காகவே. குறுக்குக் கரங்களின் இடைவெளி அதிகமுள்ள, நாடா கட்டும் வளையங்கள் உள்ள ஜாக்கியைத் தெரிவு செய்ய வேண்டியதற்கும் இதுவே காரணம்.

தாங்குதிறன் கணக்கு

இணையத்தில் விற்கப்படும் பல உயர்த்திகளின் தாங்குதிறன் பவுண்டில் குறிப்பிடப்படுகிறது. 1 பவுண்டு என்பது ஏறத்தாழ 0.454 கிலோ. 1,000 பவுண்டு மேடை ஏறத்தாழ 454 கிலோவும், 1,500 பவுண்டு ஜாக்கி ஏறத்தாழ 680 கிலோவும் தாங்கக்கூடியவை எனப் பொருள். பவுண்டைக் கிலோவாகத் தவறிப் படித்தால் தாங்குதிறன் இருமடங்குக்கு மேலாகத் தோன்றும்.

எரிபொருளுடன் ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் ஏறத்தாழ 112 கிலோவும், ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஏறத்தாழ 195 கிலோவும் எடையுள்ளவை. ஹோண்டா கோல்டு விங் போன்ற பெரிய சுற்றுலா வண்டிகள் 350 கிலோவைத் தாண்டும். வண்டியில் பெட்டிகளும் காப்புக் கம்பிகளும் பொருத்தியிருந்தால் அவற்றின் எடையையும், மேடையில் வைக்கும் ஜாக்கி, கருவிகளின் எடையையும் சேர்க்க வேண்டும். இந்த மொத்தத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தாங்குதிறன் உள்ளதைத் தெரிவு செய்வது நல்லது. இறுகிய நட்டை இழுக்கும்போதும் ஃபோர்க்கை அழுத்தும்போதும் உயர்த்தியின்மேல் வரும் விசை வண்டியின் எடையைவிடக் கூடும் என்பதே இந்த மிகைக்குக் காரணம்.

எனினும் மிகை தாங்குதிறன் என்பது நிலைத்தன்மை ஆகாது. 680 கிலோ தாங்கும் ஜாக்கியின் அடிப்பாகம் குறுகலாக இருந்தால், 112 கிலோ வண்டியோடும் அது கவிழக்கூடும். கால்கள் எவ்வளவு அகலமாக ஊன்றுகின்றன என்பதைத் தாங்குதிறனுடன் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இடமும் தரையும்

மேடை உயர்த்திக்கு அதன் நீளத்துடன் சாய்பலகையின் நீளமும், வண்டியை நேராக்கித் தள்ளும் இடமும் தேவை. மொத்தத்தில் ஏறத்தாழ 4.5 மீட்டர் நீளமும், இருபுறமும் ஆள் நிற்கும் இடம் சேர்த்து ஏறத்தாழ 2 மீட்டர் அகலமும் இருந்தால் வசதி. 75 செ.மீ. உயர்த்திய மேடையில் 1.2 மீட்டர் உயர வண்டி நின்றால் கண்ணாடி, ஹேண்டில் ஆகியவை ஏறத்தாழ 2 மீட்டரை எட்டும். தாழ்ந்த தகரக் கூரை, மின்விசிறி, விளக்கு ஆகியவற்றை முன்பே அளந்து பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளில் வண்டி நிற்கும் முன்பகுதித் தரை, மழைநீர் வெளியேறுவதற்காகத் தெருப்பக்கம் சற்றுச் சாய்த்தே போடப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத இச்சாய்வில் சக்கரமுள்ள ஜாக்கி நகரும். மேடையும் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். மட்டப் பலகையை வைத்துப் பார்த்து, திருகி உயரம் மாற்றும் கால்கள் உள்ள உயர்த்தியைத் தெரிவு செய்ய வேண்டும். வழுவழுப்பான டைல்ஸ் தரை கால் ஊன்றும் இடத்தில் உடையும். எண்ணெய் சிந்தினால் வழுக்கும். மணலின்மேல் பதித்த சிமெண்டுக் கற்கள் ஒரே இடத்தில் பளு விழுந்தால் உள்ளிறங்கும். பல வீடுகளில் இதே இடத்துக்கு அடியில்தான் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அத்தொட்டியின் மூடிமேலோ விளிம்பிலோ உயர்த்தியின் கால் படக் கூடாது. நல்ல கான்கிரீட் தரையே ஏற்றது.

இயக்கும் ஆற்றல்

கால்மிதியால் இயங்குபவை எளியவை. மின்சாரம் தேவையில்லை, பழுதும் குறைவு. மாதத்துக்கு ஓரிரு முறை தூக்குவோருக்கு இதுவே போதும். காற்றால் இயங்குபவை மிதிக்கும் வேலையைக் குறைக்கும். ஆனால் தனியாக ஒரு கம்ப்ரசர் வேண்டும். அதன் ஓசை அண்டை வீட்டாரையும் எட்டும். மின்மோட்டாரால் இயங்குபவை விரைவானவை, விலை மிக்கவை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோரமாகவே தங்கும். டேங்க்கைக் கழற்றும் இடத்தில் தரையோரம் மோட்டாரும் சுவிட்சும் பொறி விடுவது தீ விபத்துக்கு வழியாகும். மின் உயர்த்தி வைக்கும் கொட்டகையில் காற்றோட்டம் கட்டாயம் தேவை.

ஏற்றும் முறை

மேடையில் வண்டியை ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான் அது கவிழும் வாய்ப்பு மிகுதி. மேடையை முழுவதும் இறக்கி, என்ஜினை நிறுத்தி, இருவர் சேர்ந்து தள்ளுவது பாதுகாப்பானது. ஒருவர் ஹேண்டிலையும் முன்பிரேக்கையும் பிடிக்க, மற்றவர் பின்னிருந்து தள்ள வேண்டும். முன்சக்கரப் பிடிப்பானை இறுக்கிய பின்னும் அதனை மட்டும் நம்பக் கூடாது. ஃபோர்க்கின் கீழ்ப்பிடியிலிருந்து இருபுறமும் ராட்செட் நாடாவால் மேடையின் வளையங்களில் கட்டி, ஃபோர்க் ஓரளவு அமுங்கும்வரை இறுக்க வேண்டும். ஹேண்டிலின் ரப்பர்ப் பிடியில் கட்டினால் நழுவும். நாடா கட்டி முடியும்வரை சைடு ஸ்டாண்டை மடக்கக் கூடாது.

சக்கர அச்சு நட்டு, ஸ்பிராக்கெட் நட்டு போன்ற மிக இறுகியவற்றை வண்டி தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்தி, மீண்டும் கையால் இறுக்கிவிட்டுத் தூக்குவது நல்ல பழக்கம். மேலே தூக்கியபின் நீண்ட ஸ்பேனரால் வலிந்து இழுப்பது வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுவதற்குச் சமம்.

வாங்குமுன் சோதித்தல்

புதியதாயினும் பழையதாயினும் கீழ்க்கண்டவற்றைப் பார்ப்பது நலம்:

- வெல்டிங் இணைப்புகள் ஒரே சீராக உள்ளனவா. விரிசலோ, பெயின்ட் பூசி மறைத்த தடயமோ உள்ளதா.
- உருளையின் தண்டு பளபளப்பாக உள்ளதா. துருப்புள்ளி இருந்தால் அது சீலை அறுத்துவிடும்.
- இணைப்பு ஊசிகளில் ஆட்டம் உள்ளதா; அவை கழன்று விழாதபடி கொண்டி போடப்பட்டுள்ளதா.
- பூட்டு ஒவ்வொரு நிலையிலும் முழுவதுமாக விழுகிறதா.
- இறக்கும் மிதியை மெல்ல அழுத்தினால் மேடை மெல்ல இறங்குகிறதா, சட்டென்று விழுகிறதா.
- சீல், வால்வு போன்ற உதிரிப் பாகங்கள் உள்ளூரில் கிடைக்குமா.

கசிவை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டியை மேடையில் கட்டிப் பாதி உயரத்துக்குத் தூக்கி, பூட்டில்லாமல் உயரத்தைக் குறித்துக்கொண்டு, யாரும் அருகில் செல்லாதபடி சில மணி நேரம் விட வேண்டும். குறித்த உயரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தால் சீலோ வால்வோ பழுது.

பராமரிப்பு

இணைப்பு ஊசிகளுக்குக் கிரீஸ் இடுவதும், உருளைத் தண்டைத் துடைத்து வைப்பதும், பயன்படுத்தாதபோது மேடையை இறக்கித் தண்டை உள்ளே வைப்பதும் முக்கியப் பணிகள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் தண்டில் விரைவில் துரு ஏறும் என்பதால் இதில் கூடுதல் கவனம் தேவை. எண்ணெய் குறைந்தால் தயாரிப்பாளர் கூறும் நீரியல் எண்ணெயையே ஊற்ற வேண்டும். பிரேக் எண்ணெயை ஊற்றுவது பெரும் தவறு. கனிம எண்ணெய்க்கெனச் செய்த சீல்களை அது உப்பச் செய்து கெடுத்துவிடும். மேடை துள்ளித் துள்ளி எழுந்தால் உருளைக்குள் காற்று புகுந்துள்ளது என்று பொருள். கையேட்டில் உள்ளபடி அதனை வெளியேற்ற வேண்டும்.

குழந்தைகள் உள்ள வீட்டில், வேலை நடக்காத நேரங்களில் மேடை தரையோடு இறங்கியிருக்க வேண்டும். இறக்க முடியாத நிலையில் பூட்டைப் போட்டு, இறக்கும் மிதியைக் கழற்றி வைப்பதோ சங்கிலியால் கட்டி வைப்பதோ பாதுகாப்பானது. பூட்டு சரியாக விழாத உயர்த்தியை, அது வண்டியை நன்றாகத் தூக்கினாலும், பழுது நீக்கும்வரை பயன்படுத்தக் கூடாது.